"வேலையில் பிடிப்பு இல்லை" என்கிறார் முகாமையாளர், எதில் என்று சொல்கிறாரில்லை

கேள்வி:

எனக்கு 24 வயது. சாம்பல்தீவில் இருந்து தினமும் பஸ்ஸில் திருகோணமலை நகரத்துக்கு வேலைக்கு வருகிறேன். எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடித்த பிறகு கிடைத்த முதல் வேலை இது. பிஸ்கட், சவர்க்காரம், பால்மா போன்ற சாமான்களைக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு விநியோக நிறுவனத்தில் பெப்ரவரி முதலாம் திகதி சேர்ந்தேன். பில் போடுவதும், றெப்மார் (விற்பனைப் பிரதிநிதிகள்) கொண்டுவரும் கலெக்‌ஷனைச் சரிபார்ப்பதும் என் வேலை. மொத்தம் இருபது பேரளவில் இருக்கிறோம். தகுதிகாண் காலம் ஆறு மாதம்.

மூன்றாம் மாதம் முடிய முகாமையாளர் கூப்பிட்டு, "உம்மட வேலையில ஒரு பிடிப்பு இல்லை பிள்ளை, அற்றிடியூட் கொஞ்சம் மாறவேணும்" என்றார். "என்ன பிழை சேர்?" என்று கேட்டேன். "அதை நீர்தான் யோசிச்சுப் பார்க்கவேணும்" என்றார். ஒரு படிவத்தில் "முன்னேற்றம் தேவை" என்ற கட்டத்தில் புள்ளடி இருந்தது. கையெழுத்து வைத்தேன். பிரதி தரவில்லை. அதற்குப் பிறகும் அதே மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது பின்னேரம் ஆறரை வரை நின்று வேலை செய்கிறேன். பில்லில் பிழை வரக்கூடாது என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்துத்தான் கொடுக்கிறேன். மார்ச் மாதம் கந்தளாய் றூட் கலெக்‌ஷனில் காசு வித்தியாசம் இருந்ததைக் கண்டுபிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான்தான். நாலு மாதத்தில் இரண்டு நாள் மட்டும் லீவு எடுத்தேன், பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு. இதற்கு மேல் நான் என்ன செய்வது? நிரந்தரமாக்காமல் நிறுத்திவிடுவார்களா? அவர்கள் நிறுத்துமுன் நானே ராஜினாமா செய்வதுதான் மரியாதையா? இதெல்லாம் வேண்டாம், அரசாங்க வேலைக்குப் படி என்கிறா அம்மா.

பதில்:

தங்கச்சி, ராஜினாமாக் கடிதம் எழுதவேண்டாம். உங்களை யாரும் போகச் சொல்லவில்லை. படிவத்தில் இருப்பது "முன்னேற்றம் தேவை" என்பதுதான், "பொருத்தமில்லை" என்பது இல்லை. ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. இப்போது நீங்களாக விலகினால், சொந்த விருப்பத்தில் விலகினார் என்று கோப்பில் ஒரு வரி விழும். என்ன குறை என்று யாரும் யாருக்கும் விளக்கவேண்டிய தேவை அதோடு முடிந்துவிடும். அதில் உங்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மனிதவளப் பகுதியில் இருந்துகொண்டு இந்த மாதிரிப் படிவங்களை வருடக்கணக்காகப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "பொறுப்பு இல்லை", "அற்றிடியூட் சரியில்லை", "பிடிப்பு இல்லை" என்று பொதுப்படையாக எழுதும் முகாமையாளரின் மனதில் அநேகமாக ஒரு சம்பவம் இருக்கும். கூடிப்போனால் இரண்டு. அன்றைக்கு அவருக்கு எரிச்சல் வந்திருக்கும். உடனே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். சொல்லாமல் விட்டுவிடுவார். சில கிழமை போனதும் சம்பவம் மறந்துவிடும், எரிச்சல் மட்டும் நிற்கும். படிவம் வரும்போது அந்த எரிச்சலுக்கு ஒரு பெரிய பெயர் வைத்துவிடுவார்.

ஒரு களஞ்சியத்தில் வேலை செய்த பையனுக்கு மேற்பார்வையாளர் "பொறுப்புணர்வு போதாது" என்று எழுதியிருந்தார். எந்த விடயத்தில் என்று கேட்டேன். "எல்லாத்திலயும்தான்" என்றார். ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: ஒருநாள் பின்னேரம் கொழும்பிலிருந்து கொள்கலன் லொறி பிந்தி வந்ததாம், பையனுக்கு கோல் எடுத்தாராம், பையன் எடுக்கவில்லையாம். அவ்வளவுதான். அந்த நேரம் பையன் தம்பலகாமத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்திருக்கிறான். வீட்டுக்குப் போய்த் திருப்பி எடுத்தபோது இவர் எடுக்கவில்லை. அந்த ஒரு கோல்தான் படிவத்தில் பொறுப்புணர்வாக மாறியிருந்தது.

ஆகவே, பிடிப்பை எப்படிக் கூட்டுவது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதன் பின்னால் இருக்கும் சம்பவத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடங்களில் என் கண் நின்றது. இரண்டையும் உங்கள் நல்ல பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று, ஒவ்வொரு பில்லையும் இரண்டு தரம் பார்ப்பது. கணக்குப் படித்தவருக்கு அது நல்ல பழக்கம். ஆனால் விநியோக நிறுவனத்தில் பில் முடிந்தால்தான் லோடிங் முடியும், லோடிங் முடிந்தால்தான் லொறி வெளிக்கிடும். உங்கள் முகாமையாளரின் வயதை நீங்கள் எழுதவில்லை. இந்தத் தொழிலில் பழைய ஆளாக இருந்தால் ஒன்று யோசித்துப் பாருங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை மூதூர்ப் பக்கம் போகிற லொறி துறையில் பாதைக்கு, அதாவது வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்கவேண்டும். காலையில் அரை மணி பிந்தினால் வரிசையில் எங்கேயோ போய் நிற்கும், அன்றைய றூட்டில் பாதிக் கடை தவறிவிடும். அந்தக் காலத்தில் வேலை பழகியவர்களுக்கு ஒரு கிளார்க் நல்லவரா இல்லையா என்பதற்கு ஒரே அளவுதான்: லொறி எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது? பாலம் வந்து இவ்வளவு காலமாகியும் சிலருக்கு அந்தப் பதற்றம் போகவில்லை. நீங்கள் மேசையில் இருந்து இரண்டாம் தரம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்திருக்கலாம்.

இதற்கு, சரிபார்ப்பதை விடவேண்டியதில்லை, எதைச் சரிபார்ப்பது என்று பிரித்துக்கொண்டால் போதும். விலை மாறிய சாமான், பத்துக்கு ஒன்று இலவசம் போன்ற சலுகை போட்ட பில், கடன் எல்லையைத் தொட்டுவிட்ட கடை, வழமையைவிடப் பெரிய தொகை: இவற்றை இரண்டு தரம் பாருங்கள். மற்றதற்கு ஒரு தரம் போதும். தூரத்து றூட்டின் பில்களை முதலில் முடியுங்கள். மூதூரும் கந்தளாயும் முந்தின நாள் பின்னேரமே தயாராகிவிட்டால், நகரத்துப் பில்களைக் காலையில் ஆறுதலாகச் செய்யலாம். உங்கள் இடத்தில் ஓடர்கள் எத்தனை மணிக்கு வந்துசேர்கின்றன என்பதைப் பொறுத்து இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, அந்தக் கந்தளாய் விடயம். நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் சந்தேகம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

மார்ச் மாதம் என்றால் நீங்கள் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த றெப் அங்கே பல வருடமாக இருப்பவர் என்று நினைக்கிறேன். எல்லோரும் இருக்கிற குழுவில், இத்தனை ரூபாய் குறைகிறது என்று புதிதாக வந்த பிள்ளை போட்டால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? குழுவில் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். கதையெல்லாம் பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் நடந்திருக்கும். றெப் நேராக முகாமையாளரிடம் போய், "சேர், அந்தப் பிள்ளைக்கு ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு தெரியேல்ல" என்று சொல்லியிருந்தால், "அற்றிடியூட்" எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன கணக்குப் பிழை என்று நான் சொல்லவில்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் கலெக்‌ஷனில் வரும் வித்தியாசங்களில் ஒரு பங்கு களவே இல்லை. உடைந்த சாமானைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்திருப்பார், அதைக் கழித்துக்கொண்டு மிச்சக் காசைத் தந்திருப்பார், திரும்பி வந்த சாமானுக்கான துண்டு இன்னும் உங்கள் மேசைக்கு வந்திருக்காது. அல்லது செக்கின் திகதி அடுத்த மாதமாக இருக்கும். றெப்புக்கு ஒரு கோல் எடுத்தால் இதெல்லாம் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இனிமேல் ஒழுங்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் றெப்பிடம் தனியாகக் கேளுங்கள். அன்று பின்னேரத்துக்குள் கணக்கு ஒத்துவராவிட்டால் முகாமையாளருக்கு மட்டும் எழுத்தில் அனுப்புங்கள். பில் இலக்கம், கடையின் பெயர், தொகை, றெப் சொன்ன விளக்கம், இவ்வளவும் போதும். குழு வேண்டாம்.

அந்த றெப்பிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமா என்று யோசிப்பீர்கள். கணக்குக்காக வேண்டாம். "அண்ணை, அண்டைக்கு குறூப்பில போடாம உங்களிட்ட முதல் கேட்டிருக்கலாம்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். மற்ற றெப்மாரின் முகமும் அதோடு கொஞ்சம் மாறும்.

இதில் எனக்கு இன்னொரு யோசனையும் இருக்கிறது. அந்த வித்தியாசம் கடைசியில் என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. விளக்கம் வந்து தீர்ந்துவிட்டதென்றால் சரி. தீராமல் கிடக்க, "அதை விடும் பிள்ளை" என்று யாராவது சொல்லியிருந்தால், அதற்குப் பிறகுதான் உங்கள் அற்றிடியூட் பிழையாகத் தொடங்கியிருந்தால், அது வேறு கதை. அப்படியானால் ஒத்துவராத கணக்கின் கீழ் "சரிபார்த்தேன்" என்று கையெழுத்து வைக்காதீர்கள். "இவ்வளவு வித்தியாசம் உண்டு, முகாமையாளருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதித் திகதி போட்டு வையுங்கள். பிறகு ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து கணக்காய்வுக்கு வருவார்கள், அப்போது நாற்காலியில் இருக்கப்போவது நீங்கள்தான்.

இவ்வளவும் ஒரு கடிதத்தை வைத்து நான் போடும் கணக்கு. சரியா பிழையா என்று முகாமையாளர்தான் சொல்லவேண்டும். அவரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு வருவோம்.

"என்ன பிழை சேர்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, அதனால்தான் யோசிக்கும் வேலையை உங்கள் தலையில் போட்டுவிட்டார். (எனக்கு இது பிடிக்காத பழக்கம். முன்னேற்றம் தேவை என்று புள்ளடி போட நேரம் இருப்பவருக்கு, எதில் என்று ஒரு வரி எழுதவும் நேரம் இருக்கவேண்டும். மேலதிகாரியின் வேலையில் பாதி அதுதான்.) பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். கையில் ஒரு வேலையைக் கொண்டுபோய்க் கேளுங்கள். நேற்றைய மூதூர் றூட்டின் பில் கட்டை மேசையில் வைத்து, "சேர், இது நேற்று நான் செய்தது. இதில் நீங்கள் நினைத்தமாதிரி இல்லாதது என்ன?" என்று கேளுங்கள். கண்முன்னால் தாள் இருந்தால் ஆள் தாளைப் பற்றித்தான் பேசுவார். "பில் சரி, ஆனா எட்டரைக்கெல்லோ தந்தனீர்" என்று வாயில் வந்துவிடும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அப்புறம், "இந்த இரண்டு கிழமைக்குள் நான் முதலில் மாற்றவேண்டியது எது?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, "அது சரிவந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள் சேர்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதைத்தான் கட்டாயம் கேட்கவேண்டும். அவர் ஒரு அளவைச் சொல்லிவிட்டால் பிறகு அந்த அளவை வைத்துத்தான் பேசமுடியும்.

கேட்கிற நேரத்தையும் பாருங்கள். காலையில் லோடிங் நடக்கும்போது வேண்டாம். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டுமுன் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சுற்றி முடிக்கவேண்டும் என்று எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். லொறிகள் போய், றெப்மார் இன்னும் திரும்பாத முற்பகல் நேரம்தான் இந்த மாதிரி இடங்களில் கொஞ்சம் அமைதியாக இருக்கும். முந்தின நாளே "நாளைக்குப் பத்து நிமிஷம் தருவீங்களா சேர்?" என்று கேட்டு வையுங்கள். திடீரென்று போய் நின்றால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார்.

அவர் பேசும்போது இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். இது கஷ்டம் என்று தெரியும். "இல்ல சேர், அண்டைக்கு பிரிண்டர் வேலை செய்யேல்ல" என்று தொடங்கினால் அவர் கதையை நிறுத்திவிடுவார், உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைக்காது. ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருங்கள். பிரிண்டர் கதையைக் கடைசியில் சொல்லலாம்.

அன்றைக்கே, வீட்டுக்குப் போகுமுன், அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மின்னஞ்சல் நல்லது, இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் அவருக்குத் தனியாக. ஏறக்குறைய இப்படி:

"சேர், இன்று நேரம் ஒதுக்கிக் கதைத்ததற்கு நன்றி. நான் விளங்கிக்கொண்டது: மூதூர், கந்தளாய் பில்கள் முந்தின நாள் பின்னேரமே லோடிங் பகுதிக்குப் போகவேண்டும். கலெக்‌ஷனில் வித்தியாசம் வந்தால் முதலில் றெப்பிடமும் பிறகு உங்களிடமும் சொல்லவேண்டும். இரண்டையும் நாளையிலிருந்து செய்கிறேன். 25 ஆம் திகதி அளவில் எப்படிப் போகிறது என்று ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா? நான் ஏதாவது பிழையாக விளங்கியிருந்தால் தெரியப்படுத்துங்கள்."

இதில் குற்றச்சாட்டு இல்லை, அழுகை இல்லை, திகதி இருக்கிறது. அவர் பதில் போடாமல் விட்டாலும் பரவாயில்லை, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்குப் பிரதி போடாதீர்கள். முதல் கடிதத்திலேயே மேலிடத்தைக் கூப்பிட்டால் அவர் உங்களைப் பற்றி நினைத்ததெல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடுவார்.

அதோடு ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். திகதி, எந்த றூட், பில் கட்டு கொடுத்த நேரம், லொறி வெளிக்கிட்ட நேரம், திருத்தவேண்டி வந்த பில் எத்தனை. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். உங்கள் வேலையை மட்டும் எழுதுங்கள். கடைகளின் நிலுவைப் பட்டியலையோ நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தையோ போனில் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்ல நோக்கத்தில் செய்தாலும் அதுவே உங்களை நிறுத்த ஒரு நல்ல காரணமாகிவிடும்.

படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். "என் கோப்புக்கு ஒரு கொப்பி வேணும்" என்று அலுவலகத்தில் சாதாரணமாகக் கேட்டால் அநேகமாகத் தந்துவிடுவார்கள். அடுத்த தரம் இப்படி ஒரு படிவம் வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "வாசித்தேன். எந்த வேலையில் முன்னேற்றம் தேவை என்பதைக் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்" என்று ஒரு வரி எழுதித் திகதி போடுங்கள். கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நிற்கவேண்டியதில்லை.

ஆறரை வரை நிற்பதைப் பற்றி. என்ன குறை என்று தெரியாதவர்கள் எல்லாவற்றையும் கூட்டிச் செய்யத் தொடங்குவார்கள். நேரத்தோடு வருவார்கள், பிந்திப் போவார்கள், மற்றவரின் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். முகாமையாளர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், அல்லது "பகலிலேயே முடிக்கத் தெரியவில்லை" என்று எடுத்துக்கொள்வார். உங்களைப் போன்ற அலுவலக ஊழியர்களுக்குப் பொருந்தும் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலைநேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு. யாரும் கேட்காமல் நீங்களாக நிற்கிற நேரத்துக்குக் காசும் வராது, பெயரும் வராது. லீவைப் பற்றியும் கவலைப்படவேண்டாம். அதே சட்டப்படி முதல் வருடத்தில் பூர்த்தியான ஒவ்வொரு இரண்டு மாதச் சேவைக்கும் ஒரு நாள் அமய லீவு. நாலு மாதத்துக்கு இரண்டு நாள், நீங்கள் எடுத்ததும் அவ்வளவுதான்.

இனி, நிறுத்திவிடுவார்களா என்ற கேள்வி. ஒளிக்காமல் சொல்கிறேன்: தகுதிகாண் காலத்தில் ஒருவர் பொருந்துகிறாரா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையை எங்கள் நீதிமன்றங்கள் பெரும்பாலும் முதலாளியிடமே விட்டுவைத்திருக்கின்றன. நிரந்தர ஊழியருக்கு இருக்கும் பாதுகாப்பு உங்களுக்கு இப்போது இல்லை. ஆனால் அந்த உரிமையை நேர்மையான நோக்கத்தோடு பாவிக்கவேண்டும். வேறு பழியைத் தீர்க்க "திருப்தியில்லை" என்ற சொல்லைப் பாவித்தார்கள் என்றால், தொழில் நியாய சபை அதைக் கேட்கும். அந்த இடத்தில்தான் உங்கள் செய்திகளுக்கும் கொப்பிக்கும் பெறுமதி.

நியமனக் கடிதத்தை எடுத்து இன்றிரவே வாசியுங்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, அதன் நிபந்தனை என்ன, அந்தக் காலத்தில் எந்தச் சூழ்நிலையில் நிறுத்தலாம் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கவேண்டும் என்று மேலே சொன்ன சட்டத்தின் கீழான ஒழுங்குவிதி சொல்கிறது. "மேலும் மூன்று மாதம் நீடிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், பல கடிதங்களில் இருக்கும். நீடித்தால் அது தோல்வியில்லை, ஆனால் எதற்காக என்பதை எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 சதவீதம் கழிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்டவேண்டும். தகுதிகாண் காலம் என்று சொல்லி இதைத் தள்ளிப்போட முடியாது, முதல் நாளிலிருந்தே உண்டு.

இன்னொரு திகதியும் இருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், ஊழியரின் வேலையை முடிவுறுத்துவது பற்றியது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், 180 நாள் சேவை முடித்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது அது. பெப்ரவரி முதலாம் திகதி சேர்ந்தவருக்கு 180 ஆவது நாள் யூலை 30. ஆறு மாதம் முடிவது யூலை 31. நிறுவனங்கள் ஏன் யூலை நடுப்பகுதியில் அவசரமாக முடிவெடுக்கின்றன என்பது இப்போது விளங்கும். இதை முகாமையாளரிடம் போய்ச் சொல்லாதீர்கள், அது மிரட்டல் மாதிரிப் போய்விடும். உங்கள் பேச்சுக்களை ஜூன் மாதத்திலேயே முடித்துவிடவேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். யூலையில் கேட்டால் முடிவு ஏற்கனவே எடுத்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் திருகோணமலையில் இருக்கும் தொழில் அலுவலகத்தில் நியமனக் கடிதத்தைக் காட்டி விளக்கம் கேட்கலாம். விளக்கம் கேட்பது முறைப்பாடு இல்லை.

சிலவேளை உங்களுக்கும் இந்தக் குறைக்கும் சம்பந்தமே இருக்காது. விற்பனை விழுந்து, ஒரு ஆளைக் குறைக்கவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தால், கடைசியாகச் சேர்ந்தவரிடம் குறை தேடுவது உலக வழக்கம். ஒரு றூட்டை நிறுத்திவிட்டார்களா, விட்டுப்போனவரின் இடத்துக்கு ஆள் எடுக்காமல் இருக்கிறார்களா, உங்கள் வேலையில் ஒரு பகுதியை இன்னொருவருக்குப் பழக்குகிறார்களா என்று பாருங்கள். அப்படித் தெரிந்தால், இருக்கிற வேலையைச் செய்துகொண்டே வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். நகரத்திலும் சீனக்குடாப் பக்கத்திலும் கணக்கு, களஞ்சிய வேலை தெரிந்தவர்களைத் தேடும் இடங்கள் உண்டு. ஆறு மாதம் முழுமையாக வேலை செய்தேன் என்று சொல்வது, நாலு மாதத்தில் விட்டுவந்தேன் என்பதைவிட நேர்முகத்தில் எடுபடும்.

25 ஆம் திகதி கேட்டும் அவர் அதே "பிடிப்பு" என்ற சொல்லோடு நின்றால், அப்போதுதான் மேலே போகவேண்டும். மனிதவளப் பகுதி கொழும்பில் இருந்தால் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல், முகாமையாளருக்குப் பிரதியோடு. நீங்கள் முதலில் அனுப்பிய செய்தியை அப்படியே இணைத்து, "குறிப்பிட்ட இலக்கு ஒன்றைத் தந்தால் அதற்கேற்ப வேலை செய்ய விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். முகாமையாளரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். யாராவது உங்களை அழைத்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால், "வீட்டில் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழும்பி வந்துவிடுங்கள். அன்றைக்கே வைக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அம்மா சொல்வதிலும் பிழையில்லை. வெள்ளிக்கிழமைகளில் வர்த்தமானியைப் பார்த்து, தகுதியான போட்டிப் பரீட்சைகளுக்கு விண்ணப்பியுங்கள். அதற்காக இந்த வேலையை விடவேண்டியதில்லை. அங்கேயும் தகுதிகாண் காலம் உண்டு என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள், அது வழமையாக மூன்று வருடம். ஆறரை வரை நிற்பதை விட்டுவிட்டு ஐந்து மணிக்கே பஸ் ஏறினால் பரீட்சைக்குப் படிக்க நேரமும் கிடைக்கும்.